சண்டைப் படத் தப்புகள்: எதை விட்டுடலாம், எதை விடக் கூடாது?

வடக்குமாசி:

வணக்கம் நண்பர்களே. சண்டைப் படங்கள்ல வர்ற தப்புகளுக்குன்னு தனியா ஒரு இழை போடணும்னு ரொம்ப நாள் ஆசை. இப்ப யூடியூப்ல இதுக்குன்னே சேனல்கள் இருக்கு. கட்டுப் போட்ட கை மாறிடுச்சு, நெத்தியில வழிஞ்ச ரத்தம் காணாமப் போச்சுன்னு சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுறாங்க. அதே வீடியோவுல, வயித்துல இறங்கின கத்தியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு ஹீரோ ஓடுறதையும் காட்டி, ரெண்டுக்கும் ஒரே சிரிப்புச் சத்தம் போடுறாங்க. எனக்கு அது சரியாப் படலை.

ஷாட்டுக்கு ஷாட் மாறுற தப்பு உலகம் பூராவும் இருக்கு. 1985ல வந்த 'கமாண்டோ'வுல வில்லனோட ஆள் ஓட்டுற மஞ்சள் போர்ஷே கவுந்து இடது பக்கம் நசுங்கிப் போகும். அர்னால்டு அதையே நிமிர்த்தி ஓட்டிட்டுப் போறப்ப ஒரு கீறல்கூட இருக்காது. 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்துல ஜேம்ஸ் பாண்டோட மஸ்டாங், சந்துக்குள்ள வலது பக்கச் சக்கரம் ரெண்டுல நுழைஞ்சு இடது பக்கச் சக்கரம் ரெண்டுல வெளிய வரும். 'புல்லிட்' (1968) கார் துரத்தல்ல ஒரே பச்சை பீட்டில் காரைத் திரும்பத் திரும்ப முந்துவாங்க; வில்லன் கார்லேருந்து கழண்டு விழுற சக்கர மூடிகளை எண்ணினா நாலைத் தாண்டும். அந்தப் படத்துக்குத்தான் அந்த வருசத்து எடிட்டிங் ஆஸ்கர் கெடைச்சுது. கொடுத்தவங்களுக்குச் சக்கர மூடி எண்ணத் தெரியாமலா இருந்திருக்கும்? துரத்தல் ஓடுற வேகத்துல மனசு அதைப் பாக்காது, அதுதான் விசயம்.

ஆனா ஊரைத் தப்பாக் காட்டுறது, உடம்பைத் தப்பாக் காட்டுறது, இந்த ரெண்டையும் என்னால லேசுல விட முடியலை. 'டை ஹார்ட் 2' (1990) கதை வாஷிங்டன் விமான நிலையத்துல நடக்குது. ஹீரோ பேசுற பொதுத் தொலைபேசியில 'பசிபிக் பெல்'னு இருக்கும், அது நாட்டோட அந்தக் கடைசியில கலிஃபோர்னியாவுல இருந்த கம்பெனி. சரி, படம் எடுத்த எடம் அப்படி, போகட்டும். அதே படத்துல 'கிளாக் 7'னு ஒரு துப்பாக்கி வருது. பீங்கான்ல செஞ்சது, ஜெர்மன் சரக்கு, விமான நிலைய எக்ஸ்ரேயில தெரியாதுன்னு வசனம். அப்படி ஒரு மாடலே கிடையாது. கிளாக் ஆஸ்திரியாக் கம்பெனி. பிடிப் பாகம்தான் பிளாஸ்டிக். குழலும் மேல நகர்ற ஸ்லைடும் எஃகு, எக்ஸ்ரேயில பளிச்சுன்னு தெரியும். தொலைபேசித் தப்பை யாரும் வீட்டுக்குக் கொண்டு போகலை. துப்பாக்கித் தப்பை இன்னைக்கு வரைக்கும் டீக்கடையில உண்மைன்னு சொல்றாங்க.

நம்ம பக்கத்து ஆளுங்க, அவங்கவங்க தொழில்ல நின்னு பாத்த தப்புகளை எழுதுங்க.


பேட்ச்ஒர்க்:

அண்ணே வணக்கம். சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். சென்னையில உதவி இயக்குநரா வேலை பாக்குறேன். கன்டினியூட்டி நோட்டு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்து வருதான்னு குறிச்சு வைக்கிற நோட்டு, என் கையிலதான் இருக்கும், அதனால இந்தப் பக்கத்து நியாயத்தைச் சொல்லிடுறேன்.

திரையில நாலு நிமிசம் ஓடுற சண்டையை ஒரே நாள்ல எடுக்க முடியாது. ஹீரோ குத்துறதை இன்னைக்குக் காலைல எடுப்போம், குத்து வாங்கினவன் மேசை மேல விழுறதை நாலு நாள் கழிச்சு வேற வெயில்ல எடுப்போம். ஒவ்வொரு ஷாட் முடிஞ்சதும் போன்ல படம் எடுத்துக்குவோம். சட்டையில எத்தனை பொத்தான் திறந்திருக்கு, கையை முழங்கைக்கு மேல மடிச்சிருக்கா கீழயா, ரத்தம் புருவத்துக்கு எந்தப் பக்கம், எல்லாம் அதுல இருக்கும். மதுரைக் கதைன்னா வேட்டிதான் பெரிய சோதனை. மடிச்சுக் கட்டின வேட்டி ஒவ்வொரு டேக்கிலயும் ஒரு உயரத்துல நிக்கும். கரை எந்தப் பக்கம் வருது, முடிச்சு எங்க இருக்கு, எவ்வளவு புழுதி ஒட்டியிருக்கு, இத்தனையும் ஒத்து வரணும். புழுதியைத் திரும்ப அதே மாதிரி பூசவே ஒருத்தர் வேணும்.

இவ்வளவு பாத்தும் தப்பு வரும். ஏன்னா எடிட்டர் டேக் எடுக்குறது முகத்தைப் பாத்து. ஹீரோ கண்ணுல கோவம் சரியா வந்த டேக்குல கைக்கட்டு கழண்டிருந்தா, கோவம்தான் ஜெயிக்கும். ஜெயிக்கணும். நானே அங்க உக்காந்திருந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

அடி வாங்கி விழுந்த ஃபைட்டர் அடுத்த ஷாட்ல பின்னால நிக்கிறதைப் பாத்திருப்பீங்க. முப்பது பேர் வந்து அடிக்கிற மாதிரி எழுதியிருப்பாங்க, அன்னைக்குப் பதினஞ்சு ஃபைட்டருக்குத்தான் கால்ஷீட் இருக்கும். சட்டையை மாத்தி, தலையில துண்டு கட்டி மறுபடி ஓடி வருவாங்க. நிஜமா விழுந்து நிஜமா அடிபடுற ஆளுங்க அவங்க. அதுல போய் வட்டம் போட எனக்கு மனசு வராது.

ஒரு ரகசியம் சொல்றேன், தப்புக் கண்டுபிடிக்கிறவங்களுக்கு உதவும். ஹீரோ இடமிருந்து வலமா ஓடணும், எடுத்தது வலமிருந்து இடமா இருந்தா, எடிட்டிங்ல படத்தையே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுருவாங்க. கடைப் பலகை தெரிஞ்சா மாட்டிக்கும், அதனால பலகை இல்லாத ஷாட்டாப் பாத்துத்தான் திருப்புவாங்க. ஆனா சட்டைப் பையை யாரும் யோசிக்க மாட்டாங்க. ஆம்பளைச் சட்டையில பை இடது பக்கம்தான் இருக்கும். ஒரே ஒரு ஷாட்ல அது வலது பக்கம் போச்சுன்னா, அது திருப்பிப் போட்ட ஷாட்.


ஒத்தக்கடை_ஒர்க்ஷாப்:

சட்டைப் பை விசயம் அருமை தம்பி. நேத்து ராத்திரியே ஒரு படத்துல பாத்துட்டேன்.

எனக்கு யானைமலையைப் பத்திச் சொல்லணும். எங்க கடை வாசல்ல நின்னா யானை படுத்திருக்குற மாதிரி மலை முழுசாத் தெரியும். அது ஊருக்கு வடகிழக்குல, மேலூர் ரோட்டுல இருக்கு. படத்துல தேனிக்கு ஓடுறோம்னு வசனம் பேசிக்கிட்டே வில்லன் கூட்டம் சுமோவுல போகுது, பக்கத்துல யானைமலை கூடவே வருது. தேனி ரோடுன்னா மேற்க, நாகமலை வரணும். ஊருக்கு வெளிய இருக்கறவங்களுக்கு எந்த மலையும் மலைதான். மதுரைக்காரனுக்கு மலைதான் திசை. அழகர்மலை வடக்க, பரங்குன்றம் தெக்க, பசுமலை தாண்டினா ஊர் முடியப் போகுதுன்னு அர்த்தம். மலையை மாத்தி வெச்சா எங்களுக்கு அடிவயிறே புரளுது.


வடக்குமாசி:

அண்ணே, அதேதான். மலையோட ஆத்தையும் சேத்துக்கங்க. ஏவி பாலத்துலேருந்து ஹீரோ வைகைக்குள்ள குதிக்கிறான். குதிக்கிற ஷாட்ல பாலம் நிஜம், 1889ல கட்டினது, வளைவெல்லாம் அப்படியே இருக்கு. விழுற ஷாட்ல கரை தளும்பத் தண்ணி, ரெண்டு பக்கமும் தென்னை. வருசத்துல பெரும்பாலான நாள் அங்க மணலும் கோரையும்தான். குதிச்சவன் காலை ஒடிச்சுக்குவான்.

எனக்கு இதைவிட வருத்தம் அழகர் ஆத்துல எறங்குற ராத்திரியில வெச்ச ஒரு சண்டை. கூட்டம், தீவட்டி, தோல்பையில தண்ணி பீச்சுறவங்க, எல்லாம் பாத்துப் பாத்துப் பண்ணியிருந்தாங்க. வானத்துல பிறை நிலா! அழகர் எறங்குறது சித்ரா பௌர்ணமி. மதுரையில பால் குடிக்கிற பிள்ளைக்கும் அன்னைக்கு முழு நிலான்னு தெரியும். அந்த நிலாவை கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்காங்க, நிஜமா எடுத்ததுகூட இல்லை. ஒட்டறவர் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா வட்டமா ஒட்டியிருப்பார்.

சித்திரை வீதியில கார் துரத்தல் வைக்கிறதும் அப்படித்தான். வண்டியே விடாத வீதி அது. மாசி வீதியில வெச்சிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை.


பாலமேட்டுக்காரன்:

எங்க வீட்டுல காரி, அதாவது கருப்புக் காளை ஒண்ணு நிக்குது. அதனால மாட்டைப் பத்தி மட்டும் பேசுறேன்.

படத்துல வாடிவாசல்லேருந்து வெளிய வர்றது மயிலை, சாம்பல் நிற மாடு. ஹீரோ தாவி அணைக்கிறது செவலை, செந்நிற மாடு. கீழ விழுந்து எந்திரிக்கிறப்ப பக்கத்துல நிக்கிறது மறுபடி மயிலை, அதுலயும் கொம்பு வேற. முதல் மாட்டுக்குக் கொம்பு முன்னால வளைஞ்சு கூரா இருந்துச்சு, இதுக்கு விரிஞ்சு கெடக்கு. மாடு வளக்குறவனுக்கு ஒவ்வொரு மாடும் ஒரு முகம். ஹீரோவுக்குப் பதிலா வேற நடிகரை நடுவுல வெச்சா நீங்க விடுவீங்களா?

மூக்கணாங்கயிறைப் பாருங்க. வாடியிலேயே கயிறை அறுத்துட்டுத்தான் மாட்டை விடுவாங்க. படத்துல களத்துக்கு நடுவுல ஓடுற மாட்டுக்கு மூக்குல கயிறு தொங்குது. அப்படித் தொங்கினா மாடு தன் கயிறையே மிதிச்சு விழும்.

அப்புறம் ஹீரோ கொம்பைப் புடிச்சு நேருக்கு நேர் நிறுத்துறது. திமிலை மட்டும்தான் அணையணும். கொம்பைத் தொட்டாலும் வாலைப் புடிச்சாலும் கமிட்டி அவனை வெளிய அனுப்பிடும். ஊர் மெச்சுற வீரன்னு காட்டணும்னு நெனச்சு, எங்க ஊர்ல வெளிய அனுப்புற வேலையை ஹீரோவுக்குக் கொடுத்துட்டாங்க. நாளும் தப்பு. வழக்கமா பொங்கலன்னைக்கு அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். படத்துல அலங்காநல்லூர்ல மாடு அவுத்துட்டு சாயங்காலம் வீட்டுல பொங்கல் வைக்கிறாங்க.


பேட்ச்ஒர்க்:

பாலமேட்டு அண்ணனுக்கு: மாடு மாறுறதுக்குக் காரணம் இருக்குண்ணே. 2011ல காளையையும் காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குப் பட்டியல்ல சேத்தாங்க. விலங்குன்னாலே நல வாரியத்துல அனுமதிக் கடிதம் வாங்கணும். அதனால பாதி நிஜ மாடு, பாதி கிராஃபிக்ஸ், நடுவுல பொம்மைத் திமில். நிறம் ஒத்து வர்றதே பெரும்பாடு. கயிறும் கொம்பும் தேதியும் நீங்க சொன்ன மாதிரி கேட்டிருக்க வேண்டிய விசயம்தான், அதுக்கு நாங்க சாக்குச் சொல்ல முடியாது.


திருப்பாச்சேத்தி_பட்டறை:

அருவாளைப் பத்தி யாராவது எழுதுவாங்கன்னு காத்திருந்தேன். யாரும் எழுதலை, நானே எழுதுறேன். தாத்தா காலத்துலேருந்து பட்டறை.

முதுகுக்குப் பின்னால சட்டைக்குள்ளேருந்து அருவாளை உருவுறப்ப 'ஸ்ஸ்ரிங்'னு ஒரு சத்தம் போடுறாங்கல்ல, அந்தச் சத்தம் எங்கேருந்து வருது? இரும்போட இரும்பு உரசினாத்தான் அப்படி வரும். அங்க இருக்குறது சட்டைத்துணி. துணியிலேருந்து அருவாளை உருவினா ஒரு சத்தமும் வராது. அப்புறம், முதுகுல வெறும் அருவாளைச் சொருகிக்கிட்டு ஓடி, மதில் ஏறி, உருண்டு விழுறான். பதம் ஏத்தின அருவாளா இருந்தா அவன் இடுப்புல இருந்து கழுத்து வரைக்கும் கிழிஞ்சிருக்கும்.

பெரிய வீச்சருவாளைக் குச்சி மாதிரி ஒத்தக் கையில சுத்துறாங்க. நாங்க லாரி ஸ்ப்ரிங் பட்டையை உலையில வெச்சுப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால அடிச்சு, தண்ணியில முக்கிப் பதம் எடுத்து அடிக்கிற பொருள் அது. கையில வாங்கினதும் மணிக்கட்டு தாழும். படத்துல வர்றது அட்டையோ அலுமினியமோ, அதனாலதான் வீசுறப்ப நுனி ஆடுது. ரெண்டு அருவா மோதித் தீப்பொறி பறக்க, வாய் ஒரு சில்லுகூடப் பேராம மறுபடி வெட்டுறதும் நடக்காது. வாய் போன அருவாளைச் சாணை பிடிக்கக் கொண்டு வர்றவங்க முகம் எனக்குத் தெரியும்.

எங்க கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலும் தேங்காய் வெட்ட, முள்ளு வெட்ட, கெடா வெட்ட, அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் நேர்ந்து வைக்க வாங்குறவங்க. எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே கொலைகாரக் கூட்டம்னு நெனைக்கிற மாதிரி ஆக்கினது படம்தான். கரை, பொத்தான் மாறுற தப்பெல்லாம் எங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க. இது எங்க பிள்ளைகளுக்கு வெளியூர்ல வாடகை வீடு கெடைக்குமாங்கிற விசயம்.


பிளஸ்டூ_இயற்பியல்:

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மாணவர்களிடம் இந்தக் காட்சிகளையே கணக்காகக் கொடுப்பது வழக்கம். இரண்டு கணக்கை இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி சுட்டதும் வில்லன் பத்தடி பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறான். 9 மி.மீ. தோட்டாவின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர். உந்தம் 2.8. எழுபது கிலோ ஆள் மேல் பாய்ந்து அது உள்ளேயே தங்கிவிட்டால் அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு நாலு சென்டிமீட்டர். எறும்பு ஊர்வதைவிடக் கொஞ்சம் கூட. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்டவருக்கும் அதே உந்தம் பின்பக்கமாகக் கிடைக்கும். ஆகவே சுடப்பட்டவர் பறந்தால் சுட்டவரும் பறக்க வேண்டும். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

அடுத்தது 'ஸ்பீட்' (1994). பாலத்தில் ஐம்பது அடி இடைவெளியைப் பேருந்து தாண்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து மீட்டரைக் கடக்க அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் பேருந்து 1.2 மீட்டர் கீழே இறங்கிவிடும், முன்பக்கம் கவிழவும் தொடங்கிவிடும். எதிர்ப்பக்க விளிம்பில் முட்டி நின்றிருக்க வேண்டும். படம் எடுத்தவர்கள் பேருந்தைச் சாய்தளம் வைத்துத்தான் எழும்ப வைத்தார்கள். கீழே பாலம் முழுசாக இருந்தது, இடைவெளியைக் கணினியில் உண்டாக்கினார்கள்.

சைலன்சர் பற்றியும் ஒரு வரி. கைத்துப்பாக்கிச் சத்தம் சுமார் 160 டெசிபல். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சம் இருப்பதே காதைப் பொத்த வைக்கும். பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார்.


பால்கனி_டிக்கெட்:

சார், எல்லாத்தையும் கணக்குப் போட்டா எப்படிப் படம் பாக்குறது? ஒரு ஆள் முப்பது பேரை அடிக்கிறதே நடக்காத காரியம். அப்ப மொத்தப் படமும் தப்பா? நாங்க விசில் அடிக்கத்தான் போறோம்.


வடக்குமாசி:

நண்பா, நீங்க விசில் அடிக்கிற எடத்துல நானும் அடிக்கிறேன். ஒருத்தன் முப்பது பேரை அடிக்கிறது தப்பே கிடையாது. தெருக்கூத்துல பீமன் மேடை ஏறி ஒரு சுத்து சுத்தினா நூறு பேர் செத்ததா அர்த்தம், பாக்குறவங்களுக்கும் ஆடுறவங்களுக்கும் அந்த ஒப்பந்தம் இருக்கு. ஹீரோ காத்துல எழும்பி உதைக்கிறதும் அப்படி ஒரு ஒப்பந்தம்தான். அதை யாரும் நிஜம்னு நெனைச்சு வீட்டுல போய்ச் செய்யப் போறதில்லை.

ஒப்பந்தம் இல்லாத எடத்துலதான் பிரச்சனை. 'இது மதுரை, இது 1985, இவன் போலீஸ் கமிஷனர்'னு படமே நமக்குச் சத்தியம் பண்ணுது. சத்தியம் பண்ணினா காப்பாத்தணும்.

கமிஷனர்னதும் ஞாபகம் வருது. மதுரை மாநகருக்குக் கமிஷனர், புறநகருக்கு எஸ்.பி. படத்துல ரெண்டையும் மாத்தி மாத்திக் கூப்பிடுறாங்க. ஐ.ஜி. அந்தஸ்துல இருக்குற கமிஷனர் தோள்ல குறுக்க வெச்ச வாளும் கோலும், மேல ஒரு நட்சத்திரமும் இருக்கணும். மூணு நட்சத்திரத்தை மட்டும் குத்தி விட்டுர்றாங்க. கோர்ட் சீன்ல நீதிபதி சுத்தியலால மேசையைத் தட்டுறார். நம்ம நாட்டுக் கோர்ட்டுல சுத்தியலே கிடையாது.


ரீல்பெட்டி:

மதுரையில பல தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன். வயசாயிருச்சு, பேரன் டைப் அடிச்சுக் கொடுக்குறான்.

பழைய படத்துல நீங்க பாக்குற பாதித் தப்பு, எடுத்தவங்க பண்ணினது இல்லை தம்பிகளா. ஆயிரம் அடி ரீல் ஒண்ணு பதினோரு நிமிசம் ஓடும். படம் நீளம்னு ஜனங்க முணுமுணுத்தா, ரெண்டாவது வாரத்துல விநியோகஸ்தர் ஆள் அனுப்பி வெட்டச் சொல்வார். ஹீரோ சட்டை மாத்துற சீன் போயிரும். அடுத்த சீன்ல அவர் வேற சட்டையில சண்டை போடுவார். அறுந்த பிலிமை ஒட்டுறப்பவும் சில சட்டகம் போகும், நொடிக்கு இருபத்துநாலு சட்டகம்ல, கை ஓங்குறதும் அடி விழுறதும் நடுவுல இல்லாம ஆள் கீழ கெடப்பான். அந்த ஒட்டுப் போட்ட பிரதியிலேருந்துதான் பல படம் டிவிக்கும் இப்ப போனுக்கும் வந்திருக்கு. வட்டம் போடுற பிள்ளைங்க இதையும் தெரிஞ்சுக்கணும்.


ஒத்தக்கடை_ஒர்க்ஷாப்:

அய்யா சொன்னது புதுச் செய்தி. நன்றிங்கய்யா.

வண்டியைப் பத்தி நான் சொல்லலைன்னா கடையைத் திறந்து வெச்சதுக்கு அர்த்தம் இல்லை. 1985ல நடக்குற கதையில சுமோ வருது. டாடா சுமோ 1994ல வந்த வண்டி. ஸ்கார்ப்பியோ 2002. அந்தக் காலத்து மதுரை ரவுடிக்கு அம்பாசடரும் ஜீப்பும் வேனும்தான். பைக்குல ஆர்எக்ஸ் 100 ஓட்டலாம், 1985லதான் அதுவும் வந்துச்சு. நம்பர் பிளேட்டுல டிஎன் 59னு எழுதுறாங்க, அந்த எண் முறையே 1989லதான் ஆரம்பம். வில்லன் பெட்டி நிறையப் பணத்தைக் காட்டுறப்ப நூறு ரூபாய் நோட்டுல காந்தி சிரிக்கிறார். அந்த வரிசை 1996ல வந்தது. அதுக்கு முன்னாடி 1969 காந்தி நூற்றாண்டு நினைவு நோட்டுலயும் 1987ல வந்த ஐநூறுலயும்தான் காந்தி இருந்தார். பெட்டியில ஒரு கோடின்னு வசனம் வேற. நூறு ரூபாயா ஒரு கோடின்னா ஒரு லட்சம் நோட்டு. நோட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிராம்னா நூறு கிலோ. அடியாள் ஒத்த விரல்ல ஆட்டிக்கிட்டு வர்றான்.

2008ல வந்த 'சுப்பிரமணியபுரம்' இந்த விசயத்துல எவ்வளவு மெனக்கெட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எண்பதுகளோட மதுரையைத் தேடிப் புடிச்சு, சட்டைக் காலர் வரைக்கும் கொண்டு வந்தாங்க. அதனால முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டே தொண்ணூறுகளோட கடைசியில வந்தது, ஐகோர்ட் கிளை 2004ல. பழைய கதைன்னா பெரியார் ஸ்டாண்டுக்கும் மெட்ராஸ் கோர்ட்டுக்கும் போங்க, அவ்வளவுதானே.

கார் மேல ஒரு குண்டு பட்டதும் வெடிக்கிறதும் பொய். டேங்க்ல ஓட்டை விழும், பெட்ரோல் ஒழுகும். பெட்ரோல் ஆவி காத்துல நூத்துக்கு ஒண்ணரையிலேருந்து ஏழரை பங்கு கலந்திருந்தாத்தான் பத்தும். இதுல ஒரு ஆபத்து இருக்கு. விபத்தான வண்டி உடனே வெடிச்சிரும்னு பயந்து, உள்ள சிக்கினவரை ஜனங்க கையைக் காலைப் புடிச்சுத் தரதரன்னு இழுக்குறாங்க. நாலு வழிச் சாலையில என் கண்ணால பாத்திருக்கேன்.


இரவுப்பணி:

அண்ணன் சொன்ன அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத வந்தேன். நான் செவிலியர், அவசரச் சிகிச்சைப் பிரிவு. எந்த ஊர் ஆஸ்பத்திரின்னு வேணாம்.

அப்படி இழுக்குறப்ப கழுத்தெலும்போ முதுகெலும்போ ஏற்கெனவே முறிஞ்சிருந்தா, தண்டுவடம் அந்த இழுப்புலதான் நசுங்கும். தீயோ புகையோ நிஜமா இருந்தா இழுத்துத்தான் ஆகணும். இல்லைன்னா தலையும் கழுத்தும் ஆடாமப் புடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கணும்.

எங்களுக்கு அதிகம் வலிக்கிறது கத்தி விசயம். குத்துப்பட்டவங்களைக் கூட்டிட்டு வர்றவங்க கையில கத்தி தனியா இருக்கும். 'புடுங்கிட்டோம் சிஸ்டர்'னு பெருமையாச் சொல்வாங்க. படத்துல அப்படித்தானே செய்றாங்க, புடுங்கினதும் ஹீரோவுக்கு வீரம் வருது. உள்ள இருக்குற கத்தி பல நேரம் அறுந்த ரத்தக்குழாயைத் தானே அடைச்சுக்கிட்டு நிக்கும். புடுங்கினா அடைப்பு போயிரும். வழியிலேயே ரத்தம் பூராவும் வயித்துக்குள்ள எறங்கிரும், வெளிய அவ்வளவாத் தெரியக்கூடச் செய்யாது. வந்தப்ப பேசிக்கிட்டிருந்த ஒரு பையன், அவங்க அம்மா கையெழுத்துப் போட்டு முடிக்கிறதுக்குள்ள போயிட்டான். கத்தியைக் கைக்குட்டையில சுத்திப் பத்திரமாக் கொண்டு வந்திருந்தான் அவன் பங்காளி. அவன் மேல எனக்குக் கோவமே வரலை. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

தோட்டாவை மெழுகுவத்தி வெளிச்சத்துல சமையல் கத்தியால நோண்டி எடுத்து, மஞ்சளை அப்பி, மறுநாள் சண்டைக்குப் போறதும் அதே மாதிரி. தோட்டாவை எடுக்குறதைவிட ரத்தத்தை நிறுத்துறதும் உள்ள என்ன கிழிஞ்சிருக்குன்னு பாக்குறதும்தான் முக்கியம். எடுத்தா ஆபத்துன்னு தெரிஞ்சா டாக்டர்கள் அதை உள்ளேயே விட்டுடுறதும் உண்டு.

மானிட்டர்ல நேர்கோடு வந்ததும் மார்புல ஷாக் வைக்கிறாங்க, கோடு துள்ளுது, தியேட்டர்ல கை தட்டுறாங்க. நேர்கோட்டுக்கு ஷாக் வைக்கவே மாட்டோம். இதயம் தாறுமாறாத் துடிச்சு ரத்தம் போகாம இருக்குற சில நிலைமைக்குத்தான் ஷாக். நேர்கோடுன்னா மார்பை அழுத்திக்கிட்டே இருக்கணும், மருந்து போகணும். படம் பாத்துட்டு வர்ற சொந்தக்காரங்க எங்க சட்டையைப் புடிச்சு, 'ஏன் கரண்ட் வைக்கலை, காசு கட்டலைன்னா விட்டீங்க'ன்னு கேக்குறாங்க. அதுக்கு நின்னு பதில் சொல்ற நேரம் எங்ககிட்ட இருக்காது.

மூக்குல கைக்குட்டையை வெச்சதும் ரெண்டு நொடியில மயங்குறது, தலையில ஒரு அடி வாங்கி மறுநாள் காலைல முழிச்சு உடனே பைக் ஓட்டுறது, இதெல்லாம்கூடப் பொய்தான். குளோரோஃபார்ம்ல மயங்க நிமிசக்கணக்கில ஆகும். மணிக்கணக்கா நினைவில்லாம கெடந்தா மூளையில அடி பலம்னு அர்த்தம், ஸ்கேன் எடுக்காம எந்திரிக்கவே விடக் கூடாது.


திருப்பாச்சேத்தி_பட்டறை:

அக்கா, இதைப் படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். பட்டறையில கை வெட்டுப்படுறது அடிக்கடி நடக்கும். நாங்களும் ஒரு துணியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டிட்டு வேலையைப் பாக்குறோம், படத்துல கட்டுற மாதிரி.


இரவுப்பணி:

அந்தச் சேலைத்தலைப்புக் கிழிசல் வெறும் அலங்காரம்தான் தம்பி. கட்டுறதைவிட அழுத்துறது முக்கியம். சுத்தமான துணியைக் காயத்து மேல வெச்சு உள்ளங்கையால அழுத்திப் புடிங்க. நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. நனைஞ்சா அதுக்கு மேலேயே இன்னொரு துணி. இரும்பு வெட்டுன்னா டிடி ஊசி போட்டு எத்தனை வருசம் ஆச்சுன்னு பாத்துக்கங்க.


பேட்ச்ஒர்க்:

அக்கா, ஒரு உதவி. அடுத்த படத்துல ஒரு சீன் இருக்கு. மேலூர் ரோட்டுல ராத்திரி, ஹீரோவோட நண்பனுக்குத் தொடையில கத்தி இறங்குது. எழுதி வெச்சிருக்குறது: ஹீரோ கத்தியைப் புடுங்கி, அதே கத்தியால வில்லனைத் துரத்துறான். இயக்குநர்கிட்ட நான் பேசுறேன், கேப்பார். ஆனா 'வேணாம் சார்'னு மட்டும் சொன்னா எடுபடாது, பதிலுக்கு ஒரு சீன் கையில இருக்கணும். நீங்க அந்த எடத்துல நின்னா என்ன செய்வீங்க?


இரவுப்பணி:

கத்தி அப்படியே இருக்கட்டும். ரெண்டு துண்டையோ சட்டையையோ சுருட்டி, கத்தியோட ரெண்டு பக்கமும் அணை கொடுத்து, ஆடாம நிக்குற மாதிரி அழுத்திப் புடிக்கணும். நண்பனைப் படுக்க வெச்சுட்டு, கால் அசையாமப் பாத்துக்கணும். ஒருத்தர் 108க்குப் போன் போட்டு, எந்த ரோடு, பக்கத்துல என்ன கடைன்னு சொல்லணும். தண்ணி கேட்டா கொடுக்கக் கூடாது, ஆபரேசன் தேவைப்படலாம். கதை 2008க்கு முன்னாடின்னா நம்ம ஊர்ல 108 கிடையாது, லாரியையோ பஸ்ஸையோ மறிச்சு ஏத்துங்க, கால் மடங்காம நீட்டிப் படுக்க வெச்சு.

இன்னொண்ணு. அழுத்திப் புடிச்ச கையை எடுக்க முடியாது. ஹீரோ கண்ணு முன்னாடி வில்லன் ஓடுறான், இவன் கை நண்பன் தொடையில இருக்கு, எந்திரிக்கவும் முடியலை. உங்க இயக்குநருக்கு அந்தக் கோவத்தைவிட வேற என்ன கோவம் வேணும்னு கேளுங்க.


பேட்ச்ஒர்க்:

எழுதிக்கிட்டேன் அக்கா. திங்கக்கிழமை கதை விவாதம் இருக்கு, இப்படியே வைக்கிறேன். ஒத்தக்கடை அண்ணே, அந்த ஷாட்ல பின்னால யானைமலை வரணும்ல? எந்தப் பக்கம் நின்னு எடுத்தா ராத்திரியில மலை விளிம்பு தெரியும்?


ஒத்தக்கடை_ஒர்க்ஷாப்:

மேலூர் போற திசையில நின்னா உனக்கு இடது கைப்பக்கம் வரும் தம்பி. பௌர்ணமிக்கு முன்னப் பின்ன ரெண்டு நாள்ல வாங்க, விளக்கு போடாமலே மலை தெரியும். வர்றதுக்கு முன்னாடி கடைக்கு ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்க, எங்க நிக்கணும்னு நானே கூட வந்து காட்டுறேன்.